கிழித்துக் கொடுத்த பக்கங்கள்

இரண்டாயிரத்து ஆறாம் வருடம், ஆகஸ்ட் மாதக் கடைசி. வண்டலூரில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம், ஒரு ஹார்டுவேர் கடை வாசலில் போட்டிருந்த மோர்ப் பந்தலில் நடந்தது இது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு என் தங்கை பிழைத்து எழுந்ததற்காக, தாம்பரத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தேன். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி வேண்டிக்கொள்ளச் சொன்னார், வேண்டிக்கொண்டேன், அவ்வளவுதான். நடந்த அனுபவத்தை எழுதி, சொந்தச் செலவில் புத்தகமாகவும் போட்டேன். எழுதும்போது இருந்த சந்தோஷம், அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்து இறங்கியதும் கவலையாகிவிட்டது.

சொந்தக்காரர்கள் அட்டைப்படம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆபீஸில் வாங்கிக்கொண்டவர்கள் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துப் புத்தகக் கடைக்காரர், இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். வீட்டில் தையல் மெஷின் பக்கத்தில் கிடந்த கட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம், எழுதியிருக்கவே வேண்டாம் என்று தோன்றும்.

நடக்கிறவர்களுக்குத்தானே நடந்த கதை பிடிக்கும் என்றார் என் கணவர். ஹார்டுவேர் கடை பாய் அவருக்குப் பழக்கம். வருடா வருடம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு மோர் கொடுப்பவர். ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு, புத்தகங்களை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அன்று காலையிலிருந்து காவி உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மோருக்கு நீண்ட கை, சும்மா கொடுத்தும் புத்தகத்துக்கு நீளவில்லை. ஒருவர் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச தூரம் போய், மைல்கல் மேல் அதை வைத்துவிட்டு நடையைக் கட்டினார். நான் போய் எடுத்து வந்தேன். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

வெயில் ஏறிய பிறகு ஒரு பெண் பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயது இருக்கும். காசிமேட்டுக்காரி. கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். இரண்டு பாதத்திலும் கொப்புளம். கடலுக்குப் போன அவள் வீட்டுக்காரர், படகு கவிழ்ந்தும் உயிரோடு திரும்பியதற்கு வேண்டுதலாம். இனி முடியாது, பஸ் ஏறித் திரும்பிவிடப் போகிறேன் என்று, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல முணுமுணுத்தாள்.

நானும் திண்டிவனத்தில், பூட்டியிருந்த ஒரு சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்து அழுதவள்தான் என்றேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். விரலை ஓட்டி மெதுவாகப் படித்தாள். அதில், என்னோடு நடந்த ஒரு அம்மாள் எனக்குப் புத்தி எதுவும் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதார். பிறகு, வேளாங்கண்ணியை விடு, அடுத்த டீக்கடை வரைக்கும் மட்டும் போவோம் என்று என்னை எழுப்பினார். அந்த இடத்தில் இவள் சிரித்துவிட்டாள்.

"மெய்யாலுமே அழுதியாக்கா?"

"ஆமாம்மா. ரோட்டுல போறவங்க எல்லாம் நின்னு பாத்தாங்க."

புத்தகத்தை அவளிடமே கொடுத்தேன். தலையாட்டி மறுத்தாள்.

"முழு புக்கு வோணாங்க்கா. இத்த எவ தூக்கினு நடக்கறது? இந்த ரெண்டு தாள மட்டும் கிழிச்சிக் குடு."

எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு யோசித்திருப்பேன். பாய் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உள்ளே போய், கடையிலிருந்து ஒரு கட்டர் கொண்டுவந்து என் பக்கம் வைத்தார். கையால் கிழித்தால் எழுத்து போய்விடும் அல்லவா. நானே அறுத்துக் கொடுத்தேன். மடித்து, மாதா படம் வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள் செருகிக்கொண்டாள். பாய் கொடுத்த பஞ்சையும் துணியையும் பாதத்தில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். நொண்டி நொண்டிப் போனவள், பஸ் ஸ்டாப்பில் நிற்கவில்லை.

அதன்பிறகு வந்தவர்களிடம், எந்த ஊர்ப் பக்கங்கள் வேண்டும் என்று நானே கேட்க ஆரம்பித்தேன். ஒருவர் கடலூர்ப் பகுதி வேண்டும் என்றார், இன்னொருவருக்குச் சிதம்பரம். சாயங்காலம் சில புத்தகங்களில் அட்டைதான் மிச்சம்.

வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து பாய் போன் செய்தார். அந்தப் பெண் ஊர் திரும்பும் வழியில் வண்டலூரில் இறங்கி, எனக்காக உட்கார்ந்திருக்கிறாளாம். பஸ் பிடித்துப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"கோச்சுக்காதக்கா, அந்தத் தாளு எங்கையில இல்ல. சீர்காழிகிட்ட காலேஜ் பொண்ணு ஒண்ணு ரோட்டோரம் குந்திகினு அழுதுச்சி. படிச்சிக் காட்டி அதுகிட்டயே குடுத்துட்டேன்."

இதைச் சொல்லவா இறங்கினாய் என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"அந்த டீக்கடைக்கு அப்பால இன்னா ஆச்சி? மீதிய குடு."

முழுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, பஸ் வரும்வரை கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். நான் எதிரே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றும் எதையாவது எழுதி முடித்தால், இதை எத்தனை பேர் படிப்பார்கள் என்ற ஆசை எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் அதையும் தாண்டி மனதில் நிற்பது, சீர்காழி ரோட்டோரம் அழுதுகொண்டிருந்த, நான் பார்த்தே இராத அந்தக் கல்லூரிப் பெண் எழுந்து நடந்திருப்பாளா என்ற கேள்விதான்.