திரையில் இருபது, உள்ளே ஐம்பது

மாங்காட்டைத் தாண்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. விடியற்காலையில் சம்பத் போய்விட்டார். வண்டியை ஓரமாக நிறுத்தி, பட்டறைக்குப் போன் செய்து உங்களுக்கெல்லாம் சொன்னவன் நான்தான். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் அன்று பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. கையில் எடுத்துப்போகும் கேஸ் டிடெக்டர்களுக்குக் கேலிப்ரேஷன் செய்வது வேலை. அளவு தெரிந்த மீத்தேனை சிலிண்டரிலிருந்து கருவிக்குக் காட்டி, எண் சரியாக வருகிறதா என்று நேர் செய்வோம். காற்று தீப்பிடிக்கும் நிலைக்கு எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதை நூற்றுக்கு இத்தனை என்று அது காட்டும். ஆனால் தொட்டிக்குள் இருப்பது பெயின்ட்டில் கலக்கும் டொலுயீன் என்றால் அதே கருவி குறைத்துத்தான் காட்டும். எங்கள் கருவியில் திரையில் வருவதை இரண்டரையால் பெருக்க வேண்டும். தீப்பிடிக்காவிட்டாலும் அந்த ஆவியை மூச்சில் இழுத்தாலே ஆள் சுருண்டு விழுந்துவிடுவான். யாராவது போனில், "பத்துதான் காட்டுது, எறங்கலாமா?" என்று கேட்டால் சம்பத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "நம்பர அப்பால சொல்லு நைனா. உள்ள இன்னா கீது? அத சொல்லு மொதல்ல" என்பார்.

அவரும் ஒருமுறை சொதப்பினார். ஒரு கருவியில் டொலுயீன் என்று ஏற்கெனவே தேர்ந்து வைத்திருந்தார்கள். கருவியே பெருக்கித்தான் காட்டியது. கவனிக்காமல் இவர் அதை மறுபடி பெருக்கி, ஆபத்து என்று சொல்லி வேலையையே நிறுத்திவிட்டார். டீக்கடையில் அந்தக் கதையை எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்போம்! அவரும் சேர்ந்து சிரிப்பார். "ஜாஸ்தியா சொல்லி எவனும் சாவல மாமே" என்பார்.

பூந்தமல்லிக்கு அப்பால் அந்தத் தொழிற்சாலையில் நடந்ததை நேரில் பார்த்தவன் நான். உள்ளே இறங்கலாமா என்று சோதிக்க நாங்கள் போய்ச் சேர்வதற்குள், கழுவுவதற்காக ஒருவரை டொலுயீன் தொட்டிக்குள் இறக்கியிருந்தார்கள். அவர் அடியில் சுருண்டு கிடந்தார். சம்பத் டிடெக்டரின் குழாயை உள்ளே விட்டுக் காற்றை இழுத்துப் பார்த்தார். "இருபது காட்டுது. மீத்தேன்ல வெச்சிகீது. அப்போ அம்பது! எவனும் எறங்காதீங்க" என்று கத்தினார். மூச்சுக்கருவி கொண்டுவந்த வண்டி குமணன்சாவடி நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. கீழே கிடந்தவர், "அண்ணே" என்று முனகினார். சம்பத் டிடெக்டரை என் கையில் திணித்துவிட்டு ஏணியில் இறங்கிவிட்டார். இருவரையும் தூக்கியபோது அந்த மனிதர் இறந்திருந்தார். சம்பத்துக்கு உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

விசாரணையில் தொழிற்சாலைக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? கருவியே பெருக்கிக் காட்டுகிறது என்று சம்பத் நினைத்து, இருபதுதானே என்று இறங்கிவிட்டாராம். முன்பும் ஒருமுறை இதே பெருக்கலில் குழம்பியவர்தானாம். பழைய கதை அவர்கள் காதுக்கு நம்மில் யார் மூலமோதான் போயிருக்க வேண்டும். சிரிப்பதற்குச் சொன்னது செத்தவர் தலையில் பழியாக விழுந்திருக்கிறது. அவர் கத்தியது என் காதில் விழுந்தது. அதை விசாரணையில் சொல்லிவிட்டேன்.

காரியத்தன்று அண்ணனூர் வீட்டில் அவர் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்க பக்கத்துல இருந்தீங்க. தெரிஞ்சு எறங்குனாரா, தெரியாம எறங்குனாரா?"

"தெரிஞ்சுதான் அண்ணி. அவரு கணக்கு தப்பல."

அவர் அழவில்லை. "அப்போ எங்க நெனப்பே வரலியா அவருக்கு?" என்றார்.

சம்பத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: கேட்டவர் யாராக இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிடுவது. அன்றும் சொன்னேன். அவர் பெயரைக் காப்பாற்றிவிட்டேன். அந்த வீட்டு வாசலை மிதிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.