தம்பி எழுதிய வரி

அலுவலகத்தில் அவளுக்கு வடிகட்டி என்று பெயர். மருத்துவமனைக் கட்டில்களின் பக்கத்தில் இதயத் துடிப்பைக் காட்டும் திரைகளுக்கு இயங்குதளம் செய்யும் நிறுவனம் அது. எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்துகொண்டு, நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுத்துத் திரும்ப வாங்கும் மையப் பகுதி கெர்னல். அதற்குள் யார் எதை எழுதினாலும் அவள் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். பாதியைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

ஒரு காலத்தில் அவள் தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். ஒரே அறை, முதுகுக்கு முதுகு நாற்காலி. கேபிளில் செருகும் கருவிகளுக்கான கெர்னல் பகுதியை எழுதியவன் அவன்தான். ஒரு கருவி இன்னும் எத்தனை இடத்தில் பயன்படுகிறது என்று எண்ணி, எண்ணிக்கை பூஜ்யமானதும் அதன் நினைவகத்தை விடுவிப்பது அந்தப் பகுதி. ஒரு கூட்டத்தில், பத்துப் பேர் முன்னால், அவள் சொன்னாள்: "ஒரே விஷயத்த ரெண்டு தடவ எண்ணியிருக்கான். கவனமே இல்ல."

"தெரிஞ்சுதான்க்கா எழுதினேன்."

"அப்ப ஏன்னு பக்கத்துல எழுதி வெச்சிருக்கணும்ல?"

அன்றைக்கே, இரண்டாவது தடவை எண்ணிய அந்த ஒரு வரியை அவள் நீக்கினாள். மாதக் கடைசியில் அவன் வேலையை விட்டு, சரக்குக் கப்பலில் மின்னணுச் சாதனங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்விட்டான். முதல் இரண்டு வருடம் பிறந்தநாளுக்கு வாழ்த்து வந்தது. பிறகு அதுவும் நின்றது. ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை முகம் தெரியாத ஆராய்ச்சியாளர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கருவியின் கேபிளைப் பிடுங்கியதும் கெர்னல் அதற்கான நினைவகத்தை விடுவித்துவிடுகிறது. ஆனால் அரை நொடி கழித்து ஒரு டைமர் விழித்து, அதே இடத்தில் எழுதுகிறது. அதற்குள் அந்த இடம் வேறொன்றுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். நேரம் பார்த்துச் செய்தால் சாதாரணப் பயனர் ஒருவர் இயந்திரம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிடலாம். சரிசெய்யத் தொண்ணூறு நாள் அவகாசம், பிறகு இதைப் பகிரங்கப்படுத்துவேன் என்று முடித்திருந்தார்.

தம்பியின் பகுதி. "என்னடா பண்ணி வெச்சிருக்க" என்று முணுமுணுத்தாள். உண்மையில் அவளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். அவனுக்கு மின்னஞ்சல் எழுத அவளுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

மாற்றங்களின் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. அவன் எண்ணியது ஒரே விஷயத்தை அல்ல. ஒரு எண்ணிக்கை கருவியைத் திறந்து வைத்திருக்கும் நிரலுக்கு, இன்னொன்று டைமருக்கு. இரண்டும் முடிந்த பிறகே நினைவகத்தை விடுவிக்கும்படி எழுதியிருந்தான். டைமருக்கான வரியைத் தூக்கியவள் அவள்.

சாயங்காலம் வீட்டில் பிழையைப் பற்றிச் சொன்னதும் கணவர் கேட்டார், "யார் தப்பாம்?"

"என் தப்பு."

"இரு, தேதி குறிச்சு வெச்சுக்கறேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து இதான் முதல் தடவ."

அவள் சிரிக்கவில்லை என்றதும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

திருத்தத்தோடு குறிப்பும் எழுத வேண்டும். நாலு வார்த்தையில் முடிக்கலாம். அவள் இப்படித் தொடங்கிப் பல வரி எழுதினாள்: "ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு வரியை நீக்கியதால் வந்த பிழை. முதலில் எழுதியவர் எழுதியதே சரி." வெளியாள் ஒருவருக்கு இதைக் காட்டலாமா என்று துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கி, தம்பியின் சொந்த முகவரிக்கு அனுப்பினாள். கூட ஒரு சொல்லும் சேர்க்கத் துணிச்சல் வரவில்லை.

பதினோராவது நாள் பதில் வந்தது.

"இது பத்தாது. டைமர் தன்னைத்தானே மறுபடி கிளப்பிக்கற வழி ஒண்ணு இருக்கு. அங்கயும் எண்ணிக்கையைக் கூட்டணும். குறிப்புல மூணாவது வரில எழுத்துப்பிழை."

சரிபார்த்தாள். அவன் சொன்னது உண்மைதான். இத்தனை பேரைத் திருப்பி அனுப்பியவளை அவன் திருப்பி அனுப்பியிருந்தான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. திருத்தத்தைத் திருத்தினாள். சரிபார்த்தவர் என்று அவன் பெயரைப் போட்டாள். நாற்பதாவது நாள் எல்லா மருத்துவமனைத் திரைகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அந்த ஓட்டை வழியாக யாரும் நுழைந்ததாகத் தகவல் வரவில்லை.

"எப்படா வர்ற?" என்று அதன் பிறகு எழுதினாள். பதில் இல்லை. ஆனால் மூன்று வாரம் கழித்து, கூட்டத்தின் நடுவே, அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

"ஒரு துறைமுகத்துல நிக்கறோம்க்கா. சிக்னல் எப்ப வேணா போயிடும்."

கப்பலின் ரேடார் பழுதானதைப் பற்றிச் சொன்னான். தன்னோடு அறையில் இருப்பவனின் குறட்டையைப் பற்றிச் சொன்னான். அவள் 'ம்' கொட்டினாள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்தக் கூட்டத்தைப் பற்றி அவள் வாயெடுத்தபோது, "அத விடுக்கா" என்றான். நாலு நிமிடத்தில் இணைப்பு போய்விட்டது.

உள்ளே எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் நடைபாதையிலேயே நின்றாள். அவன் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. அப்பாவுக்கு மாதிரி காதோரம் நரைத்துவிட்டதா என்று கேட்க நினைத்திருந்தாள். கேட்கவில்லை.