சாகவிடாத டீச்சர்

பஸ் வர நேரமாகும். மின்விசிறியைத் தேடி ஆவூர்ப் பக்கத்துக் கிளை நூலகத்தில் ஒதுங்குகிறேன். நூலகர் கணக்கிலிருந்து கழிக்க வேண்டிய பழைய புத்தகங்களைக் கட்டுகிறார். மேலே கிடப்பது அந்தக் கால அமெரிக்க எழுத்தாளர் ஒருவரின் சிறுவர் கதைகள், தமிழில். முன்னுரையின்படி, கணவனை இழந்தவர். பிள்ளைகளுக்குச் சோறு போட எழுதியவர். கதையில் பொய் சொன்ன சிறுவன் காய்ச்சலில் விழுந்து அடுத்த பக்கத்திலேயே சாகிறான். மேல்முறையீட்டுக்கு அவகாசமே இல்லை.

"சார், அதக் கட்டிராதீங்க," என்று அங்கன்வாடி டீச்சர் ஓடி வருகிறார். "தெனம் ஒரு கதை படிச்சுட்டுப் போய்ச் சொல்லித்தான் பிள்ளைகளத் தூங்க வைக்கிறேன்."

"இந்தச் சாவைச் சொல்லியா?" என்கிறேன்.

"நான் சாக விடுவேனாங்க? கசாயம் குடிச்சு எந்திரிச்சிருவான்."

நூலகர் கையை விரிக்கிறார். "யாருமே எடுக்காத புத்தகம்னு கணக்குல இருக்கே, டீச்சர்."

"பிள்ளைக கிழிச்சிரும்னுதான் எடுத்துட்டுப் போகல."

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் விதிகள் என்னை விடவில்லை. "இப்பவே உங்க கார்டுல எடுத்துக்கங்க. வெளியில இருக்கிற புத்தகத்தக் கழிக்க முடியாது."

"திருப்பிக் கொண்டாந்தா?" என்கிறார் நூலகர்.

"அவங்க ஏன் கொண்டாரப் போறாங்க?"

நூலகர் சிரித்தபடி முத்திரை குத்துகிறார். பொய் சொன்ன சிறுவன் டீச்சரின் சத்துமாவுப் பைக்குள் உயிரோடு போகிறான். வெளியே என் பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போகிறது.