அப்பாவின் டேபிள் ஃபேன்

என் அப்பா சந்தானம் திருமுல்கேரியில் ராணுவ ரேடியோ பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே எந்தப் பெட்டி சூடேறினாலும் கதவைத் திறந்து ஃபேனைத் திருப்பிவிடுவார்கள்.

2009 ஏப்ரலில் வீட்டுக் கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டைத் தாமே கழற்றித் துடைத்தார். "கடையில குடுங்கப்பா" என்று பெங்களூரிலிருந்து சொன்னேன். "நக்கோடா, வேணாம். நான் பார்க்காத மெஷினா?" என்றார். மே மாதம் மாரடைப்பில் இறந்துபோனார்.

காரியம் முடிந்த மறுநாள், அவர் பேசிய வீடியோவைப் போடச் சொன்னாள் அம்மா. திரையில் அப்பா தொண்டையைச் செருமினார், கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. மறுபடி போட்டாலும் அப்படியே. பெட்டியின் பக்கமூடியைக் கழற்றினேன். கார்டைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. அதன் சின்ன ஃபேனின் வயர் அறுந்திருந்தது. துடைக்கும்போது இழுத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

"திறந்துதான் வெச்சிருப்பார். வர்றவங்க பார்ப்பாங்கன்னு நான்தான் மூடினேன்" என்றாள் அம்மா. "டேபிள் ஃபேனையும் அதுக்கே திருப்பிடுவார்."

கார்டைத் துடைத்த பிறகு பேசிய வீடியோ காலில் எல்லாம் அவருக்கு வேர்த்து வழியும். "ஃபேன் போடக்கூடாதாப்பா?" என்று கேட்டால், "ஹவ், ஹவ்" என்று அந்த ஊர் உருதுவில் ஆமாம் போட்டுச் சிரிப்பார்.

டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து கார்டின் பக்கம் திருப்பினேன். அப்பா பேசி முடிக்கும்வரை நானும் அம்மாவும் வியர்வையோடு உட்கார்ந்திருந்தோம்.