ஆலை வாசலில் அலறிய சைரன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதக் காலையில் நடந்தது இது. திண்டுக்கல் நாகல் நகரில் சிறிய பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். பூட்டுப் பட்டறைகளில் மிஞ்சும் தகட்டுத் துண்டுகளைச் சேர்த்து, ஒரு லாரி அளவு ஆனதும் ஈரோட்டுப் பக்கம் ஓர் இரும்பு ஆலைக்குக் கொண்டுபோவேன். லாரி, பல வருடமாக எனக்கு ஓட்டும் ஒரு தம்பியுடையது.

அன்று ஆலை வாசலில் இருபுறமும் நிற்கும் உயரமான பெட்டிகளுக்கு நடுவே லாரி நகர்ந்ததும் சைரன் அலறியது. அவை கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கும் கருவிகள். கதிரியக்கப் பொருள் ஏதும் பழைய இரும்போடு கலந்து உலைக்குள் போய்விடக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். பின்னால் எடுத்து மறுபடி விட்டார்கள். மறுபடியும் அலறியது.

காவலாளி டிரைவர் தம்பியைப் பிடித்துக்கொண்டார். வழியில் எங்கே நிறுத்தினாய், எதை ஏற்றினாய் என்று கேள்வி மேல் கேள்வி. இந்த வண்டியை இனி உள்ளே விட மாட்டோம் என்றார். தம்பிக்கு மாதத்தில் பாதி நாள் அந்த ஆலை லோடுதான். அவர் முகம் வெளிறிப்போனது. நான் அவருக்குப் பக்கத்து சீட்டிலேயே ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன்.

பாதுகாப்பு அதிகாரியான ஒரு பெண், கையில் சின்னக் கருவியோடு வந்தார். இரும்புப் பக்கம் எப்போதாவது ஒரு ‘டிக்’. அது எந்த மண்ணிலும் எப்போதும் இருப்பதுதான் என்றார். முன்பக்கம் வர வரச் சத்தம் நெருங்கியது. என் கதவருகே சோளம் பொரிவது போலப் பொரிந்தது. சீட்டுக்கு அடியில் எதை ஒளித்திருக்கிறாய் என்று காவலாளி தம்பியின் தோளைப் பிடித்தார்.

“அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே. நான் எதையும் வைக்கலண்ணே.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு நாள் முன்பு, தைராய்டு அதிகமாகச் சுரந்ததற்காக மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவர்கள் சொன்ன நாட்கள் வரை வீட்டில் தனியாகத்தான் இருந்தேன். பொம்பளைங்களுக்கு வரும் வியாதி என்று கிண்டல் செய்வார்களோ என்ற கூச்சத்தில், வெளியே காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். எப்போதும் வைத்துக்கொள்ளச் சொல்லி, சிகிச்சை விவரம் எழுதிய ஒரு சீட்டும் தந்தார்கள். மடித்து பர்ஸில் வைத்ததோடு சரி, படிக்கவில்லை.

இறங்கி, அந்தச் சீட்டை எடுத்து அதிகாரியிடம் நீட்டினேன். “அவரு மேல தப்பில்லங்க. நான்தான்” என்றேன்.

அதிகாரி படித்துவிட்டுக் கருவியை என் கழுத்தருகே பிடித்தார். விடாமல் பொரிந்தது. நாலு எட்டு பின்னால் போனார், அடங்கியது.

“மாத்திரை கழுத்துலதானுங்க தங்கும். நாளாக நாளாகக் குறைஞ்சிரும். ரொம்பக் கொஞ்சமா இருந்தாலும் எங்க மெஷின் கத்துமுங்க” என்றார். கூட உட்கார்ந்து வந்ததால் டிரைவருக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். நான் தள்ளி நிற்க, லாரி மட்டும் உள்ளே போனது. ஒரு சத்தமும் இல்லை.

தம்பி திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார். “இம்புட்டு இரும்பையும் விட்டுட்டு உங்களப் போயி புடிச்சிருக்குண்ணே. காய்ச்சல்னு சொன்னீங்க?”

நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன்.

“அந்தம்மாதான் ஒண்ணும் ஆகாதுன்னுச்சே. ஏறுங்க” என்று கதவைத் திறந்துவிட்டார்.

அந்த அயோடின் என் உடம்பை விட்டு எப்போதோ போய்விட்டது. சீட்டு மட்டும் பர்ஸில் இருக்கிறது. எதையாவது சொல்லக் கூச்சம் வரும்போதெல்லாம், நான் பேசாமல் இருந்ததற்காக இன்னொருவர் தோளில் விழுந்த அந்தக் கை ஞாபகம் வருகிறது. உடனே வாயைத் திறந்துவிடுகிறேன்.