அப்பா செய்த ஏழு ஓவன்கள்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காரைச் சுத்தம் செய்தது. ஞாயிறு மாலை, மாதா கோயில் பூசைக்குக் கிளம்புவதற்கு முன். இரண்டு நாள் பயணத்தில் சீட்டுக்கு அடியில் சேர்ந்திருந்த கேக் துகளை அவர் பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளினார், நான் முறத்தில் வாங்கினேன். எறும்பு ஏறிவிட்டிருந்தது.

"சேலத்து எறும்புக்கெல்லாம் விருந்து வெச்சுட்டோம் ஜோஸு" என்றார்.

வியாழக்கிழமை காலை பட்டறை ஷட்டரைத் தூக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வயது அறுபத்து மூன்று.

அவர் பெயர் அற்புதராஜ். செவ்வாய்ப்பேட்டையில் சின்னப் பட்டறை. பேக்கரிகளுக்கு ஓவனும் ட்ரேயும் செய்து கொடுப்பார். படிப்பு பத்தாவது. தகட்டை விரலால் தடவி அதன் கனத்தைச் சொல்வார். நான் கோவையில் வெப்பநிலைக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஊருக்கு வரும்போது மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பேன். பத்தில் ஏழு முறை அவர் சொன்னது சரியாக இருக்கும். மீதி மூன்று முறை மைக்ரோமீட்டர் கெட்டுப்போய்விட்டது என்பார்.

ஓவன் எதிலும் பெயர் போட மாட்டார். "பேரு போட்டா ராத்திரி பன்னெண்டு மணிக்கும் போன் அடிப்பானுங்க" என்பார். டீலர் மூலமாகவே விற்றார். ஓவன் எந்த ஊருக்குப் போனது என்று அவருக்குத் தெரியும். யார் செய்தது என்று அந்த ஊருக்குத் தெரியாது.

சென்ற மே மாதம் என் அண்ணன் மகள் ஜெர்லினுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. விருந்தில் ஆளுக்கொரு கப் கேக். அப்பாவுக்குச் சர்க்கரை. அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால், சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, மேலே இருந்த க்ரீமை வழித்து ஓரமாக வைத்தார். பிறகு கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தட்டிலிருந்ததை எடுத்து வழித்தார். அண்ணியின் தட்டிலிருந்ததையும்.

"ஏங்க, உங்களுக்கு வேணும்னா ஒண்ணு கேட்டு வாங்கிக்கங்க. ஏன் எல்லாத்தையும் நோண்டறீங்க?" என்றாள் அம்மா.

மூன்று கேக்கும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டர் உயரம் கூடுதல். அதை மறைக்கத்தான் உயர்ந்த பக்கம் க்ரீம் குறைவு, தாழ்ந்த பக்கம் அதிகம். கேக் எந்தக் கடை என்று விசாரித்தார். செவ்வாய்ப்பேட்டையிலேயே, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். அவர் செய்த ஓவன்.

அன்று மாலையே பட்டறையில் பழைய டெம்ப்ளேட் தகட்டைத் தேடி எடுத்தார். ஹீட்டர் கம்பிக்கு ஓட்டை குறிக்கிற தகடு. மேல்பக்கம் எது என்று ஆணியால் புள்ளி குத்தி வைக்க வேண்டும். அந்த ஓவன் செய்த வருடம் கிறிஸ்துமஸ் அவசரத்தில் சாக்பீஸால் குறித்திருந்தார். எண்ணெய்க் கை பட்டு அது அழிந்திருக்கிறது. தகட்டைப் புரட்டி வைத்து ஓட்டை போட்டிருக்கிறார். வலது பின் மூலையில் கம்பி அரை அங்குலம் தள்ளிப்போய்விட்டது. பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் அது தெரியாது. கப் கேக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தத் தொகுதியில் ஏழு ஓவன். ஏழு ஊர்.

"நாலு ஸ்க்ரூ, ஒரு தடுப்புத் தகடு. கால் மணி நேர வேலை. ரெண்டு நாள் லீவு போடு" என்றார் என்னிடம்.

"போன்ல சொன்னா அவங்களே பண்ணிக்க மாட்டாங்களாப்பா?"

"என்னான்னு சொல்றது? உங்களுக்குக் கோணல் ஓவன் வித்தவன் பேசறேன்னா?"

செவ்வாய்ப்பேட்டை ஓவனை அப்பா அன்றே தனியாகப் போய்ச் சரிசெய்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். அவர் முறை இது: முதலில் வாடிக்கையாளராகப் போய்க் கப் கேக் வாங்குவது, காரில் உட்கார்ந்து க்ரீமை வழித்து இரண்டு பக்கமும் அளப்பது, பிறகு உள்ளே போய் உண்மையைச் சொல்வது. கேக் அவருக்கு, க்ரீம் எனக்கு. இரண்டு நாளில் என் எடை ஒன்றரைக் கிலோ ஏறியது.

சங்ககிரியில் சிக்கல் இல்லாமல் தகட்டை மாட்டினோம். குமாரபாளையத்தில் பேக்கரிக்காரர் வேலுசாமி கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏனுங்க, கேக்கை வாங்கி ஸ்கேல் வெச்சு அளந்துட்டு இருக்கறீங்க. புட் ஆபீசருங்களா?"

"இல்லீங்க. உங்க ஓவனைச் செஞ்சவனுங்க" என்றார் அப்பா, வாயில் கேக்கோடு.

விஷயத்தைக் கேட்டதும் வேலுசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே! மாவு கலக்கத் தெரியலைன்னு நான் மூணு மாஸ்டரை மாத்திட்டனுங்களே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். அப்பா தகட்டை மாட்டினார், நான் வெப்பமானியை நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் மூன்று டிகிரிக்குள். காவிரிப் பாலத்தில் ஏறும்போது அப்பா கேட்டார்: "அந்த மூணு பேரும் இப்ப எங்க வேலை செய்யறாங்களோ?"



பவானியில் பேக்கரிக்காரர் ஓவனைத் தொடவே விடவில்லை. "அது எருமை மாதிரிங்க, ஒருபக்கமாச் சாஞ்சுதான் நிக்கும். பாதி வேக்காட்டுல ட்ரேயைத் திருப்பி வெச்சுப் பழகிட்டேன். இப்ப நீங்க சரி பண்ணிட்டா நான் திருப்பறதா வேண்டாமா?"

"திருப்ப வேண்டாங்க."

"கை தானா திருப்பிருமுங்களே!"

அரை மணி நேரம் கெஞ்சித் தகட்டை மாட்டினார். கிளம்பும்போது அந்த ஆள் பழக்கத்தில் ட்ரேயைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்பா காரில் ஏறிச் சங்ககிரி வரை கேட்கும்படி சிரித்தார். திருச்செங்கோட்டிலும் சரிசெய்தோம்.

நாமக்கல்லில் ஓவனையே மாற்றிவிட்டிருந்தார்கள். பழையதைக் கொடுத்துவிட்டு வேறு கம்பெனி ஓவன் வாங்கியிருந்தார்கள். கப் கேக் நேராக நின்றது. அப்பா அதை க்ரீமோடு முழுவதும் தின்றார். அம்மாவிடம் சொல்லாதே என்றார்.

கடைசி ஊர் சேந்தமங்கலம். சனிக்கிழமை மதியம். கொல்லிமலைக்குப் போகிற பேருந்துகள் அந்தக் கடையை உரசிக்கொண்டு திரும்பின. கடை சத்யபிரியா என்ற பெண்ணுடையது, முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடி அலமாரியில் பன், வர்க்கி, பிஸ்கட். கப் கேக் இல்லை.

"கப் கேக் எங்கம்மா?" என்றார் அப்பா.

"போடறதில்லீங்கய்யா. முந்தி போட்டனுங்க. எனக்குக் கை வரலீங்க."

"வரலைன்னா?"

"கோணிக்கும்ங்க. கோயமுத்தூர்ல பத்து நாள் கிளாஸுக்குப் போய்ப் படிச்சேன். அங்க செஞ்சா அச்சு மாதிரி வந்துச்சு, டீச்சரம்மா போட்டோ எல்லாம் எடுத்தாங்க. இங்க ஊட்டுக்கு வந்து செஞ்சா ஒண்ணும் உருப்படலீங்க. எங்கூட்டுக்காரரு, உனக்குப் பன்னே போதும்னுட்டாரு." சிரித்தார். "பன்னு நல்லா இருக்கும்ங்கய்யா. சாப்ட்டுப் பாருங்க."

டூல் பை அப்பா கையில் இருந்தது. தகடு பையில் இருந்தது. நான் காத்திருந்தேன்.

"ஆறு பன்னு குடும்மா" என்றார்.

காரில் வந்து உட்கார்ந்தார். பன்னைப் பிரிக்கவில்லை.

"சொல்லலையாப்பா?"

"சொல்றேன். மத்தவங்க மாவைத் திட்டினாங்க, மாஸ்டரைத் திட்டினாங்க. இந்தப் புள்ள தன்னையே..." நிறுத்திக்கொண்டார். "வண்டிய எடு. வர்ற சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிட்டு வருவோம். பொம்பளைங்க இருந்தா நல்லா இருக்கும்."

முப்பது வருடமாக அவர் எந்த வேலைக்கும் அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டதில்லை.

ராசிபுரம் வரை ஒத்திகை பார்த்தார். "அம்மா, ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பித்தார். சின்ன விஷயமில்லை என்றேன். "ஓவன்ல ஒரு அட்ஜஸ்ட்மென்ட்..." மழுப்புகிறீர்கள் என்றேன். "நீ கோயமுத்தூர்ல செஞ்சதுதாம்மா உன் கை" என்றார். அது நன்றாக இருக்கிறது, அதையே சொல்லுங்கள் என்றேன். "ரொம்ப டயலாக் மாதிரி இருக்கு" என்று அதையும் விட்டுவிட்டார். சேலம் வரும்வரை வாக்கியம் அமையவில்லை.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை போன வாரம் முடிந்தது. தகடு மாட்ட எனக்குத் தெரியும். அவர் மாட்டியதை நான்கு முறை பார்த்திருக்கிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போடுவது நான்தான். அந்த வேலையையும் முடித்துவிட்டால் அப்பா மிச்சம் வைத்தது என்று எதுவும் இருக்காது.

சத்யபிரியாவுக்கு அப்பா யார் என்றே தெரியாது. ஒரு மதியம் கப் கேக் கேட்டு, ஆறு பன் வாங்கிப்போன பெரியவர். சேந்தமங்கலத்தில் அந்தப் பெண் இன்றும் விடியற்காலையில் எழுந்து அந்த ஓவனில் பன் மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறார்.