பதினொரு பேர் வந்த தேனிலவு

கல்முனைக்குத் தெற்கே, கடலைப் பார்த்தபடி ஒரு சிறிய கேளிக்கைப் பூங்கா. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருப்பதால் ராட்டினத்தின் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வான் வந்து நிற்கிறது. பதினொரு பேர் இறங்குகிறார்கள், நடுவில் புது மாப்பிள்ளையும் பெண்ணும். பெண்ணின் உம்மா புரியாணிச் சட்டியை என் பக்கத்தில் இறக்கி வைக்கிறார்.

"தேனிலவா?" என்று கேட்கிறேன்.

"ஓம், மகள்."

"எல்லாருமா?"

"வான் புடிச்சிட்டு சீட்டச் சும்மா உடுறதா?"

ராட்டினத்தின் கூண்டில் இருவர்தான் உட்காரலாம். மணமக்கள் ஏறியதும் உம்மாவின் மூத்த மகளுடைய குழந்தை தானும் நடுவில் இருக்க வேண்டுமென்று அழுகிறது. உம்மா அதைத் தூக்கி வந்து வாயில் ஒரு துண்டு தொதல் இனிப்பை வைக்கிறார். பிறகு குரலைத் தாழ்த்துகிறார்.

"கலியாணம் முடிஞ்சி நாலு நாள். ஊடு நிறைய ஆக்கள். ரெண்டு பேரும் இன்னும் தனிய இருந்து கதைக்கல்ல."

மேலே மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக் கம்பியைப் பிடித்திருக்கிறார். பெண் சிரித்துக்கொண்டே அவர் காதில் என்னவோ சொல்கிறாள். ராட்டினத்தின் வேகம் குறைகிறது. உம்மா எழுந்து ராட்டினக்காரருக்குக் கை காட்டுகிறார்.

"இறக்காதீங்க தம்பி, இன்னும் சுத்துங்க!"

"மாப்பிள்ளைக்குப் பயம் போல இரிக்கி, உம்மா."

"பயம் தெளியட்டும், சுத்துங்க!"

அடுத்த முறை கூண்டு எங்களைக் கடக்கும்போது மாப்பிள்ளையின் கண் திறந்திருக்கிறது. கம்பியிலிருந்த கை அவள் கைக்கு மாறியிருக்கிறது. உம்மாவும் அதைப் பார்த்துவிட்டார். சட்டென்று திரும்பி, அண்ணாந்து நிற்கும் மற்ற எட்டுப் பேரையும் அதட்டுகிறார்.

"அங்க என்ன பார்வ? சோறு ஆறுது, வந்து தின்னுங்க!"